நடு

ஃப்ரீஸரில், பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால்
கட்டைவிரல் உயரத்தில் ஒரு புட்டி இருந்தது.
'தோல் பொருள் துடைக்க மட்டும்' என்றது லேபிள்.
இந்த வீட்டில் தோல் என்று இருப்பது
உன் இடுப்புப் பட்டை ஒன்றுதான், சீட்ஸே.
அதையும் நாம் ஒருநாளும் துடைத்ததில்லை.

வாங்கியவன் நான்.
வழக்கமான கடையில் தீர்ந்துபோய்
வேறு கடையில், வேறு பெயரில், நீல மூடியில்.
இரண்டு யூரோ குறைவு.

சனி இரவு. ஹார்லிங்கன் துறைமுகத்துக் காற்று
ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது.
மூக்கருகே ஒரு நொடி.
அழுகிய ஆப்பிளும் கழற்றிப் போட்ட காலுறையும் கலந்த நெடி.
காது சிவந்து, நெஞ்சு தடதடத்து,
காரணமில்லாமல் சிரித்தோம்.
ஒன்றரை நிமிடம்தான் அதன் ஆயுசு.
உன்னிடமிருந்து என்னிடம் வந்தது புட்டி,
என்னிடமிருந்து உன்னிடம் போனது.

ஞாயிறு காலை
விளக்கை அணைக்கச் சொன்னாய்.
விளக்கு எரியவில்லை.
"சூரியனைப் பார்த்துவிட்டுத் திரும்பினால்
மஞ்சளாக ஒரு வட்டம் மிதக்குமே, அது.
போகமாட்டேன் என்கிறது."
தூக்கக் கலக்கம் என்றேன். காபி போட்டேன்.

திங்கள், படகுத்துறைச் சீட்டுக் கவுன்டரில்
பயணிகளின் பெயர்களுக்கு நடு எழுத்துகள் இல்லை.
முதலும் கடைசியும் இருக்க
இடையில் மட்டும் யாரோ ஈர விரலால் தேய்த்திருந்தார்கள்.
வியாழன், மதுக்கடையில்
டார்ட்டைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றாய்.
பலகை இருந்தது. எண்கள் இருபதும் இருந்தன.
நட்டநடுச் சிவப்பைக் காணோம்.
"எத்தனை கிளாஸ் ஆச்சு?" என்று சிரித்தான் ஃபோக்கே.
ஒரு கிளாஸ்கூட ஆகவில்லை.

லேவார்டன் மருத்துவமனையில்
உன் கண்ணின் குறுக்குவெட்டைத் திரையில் காட்டினார்கள்.
நம் கடலணையை வெட்டிப் பார்த்தாற்போல
அடுக்கு மேல் அடுக்கு,
நடுவே இயல்பாய் ஒரு பள்ளம்,
பள்ளத்தின் அடியில் ஓடும் வெள்ளைக் கோட்டில்
ஒரு செங்கல் அளவுக்கு இடைவெளி.
இவ்வளவுதானா என்றேன்.
"இவ்வளவுதான்," என்றார் டாக்டர் யெல்ட்ஸ்மா.
"எழுத்து, ஊசிக்காது, முகம்
எல்லாம் இந்த வழியாகத்தான் வரவேண்டும்."
எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு
பஸ் நேரம் கேட்பவர் குரலில்
ஏதாவது முகர்வதுண்டா என்று கேட்டார்.

நீ என் பக்கம் திரும்பினாய்.
நான் சுவரைப் பார்த்தேன்.

ஒரே புட்டி, ஒரே இரவு, எனக்கேன் ஒன்றுமில்லை?
தெரியாது என்றார்.
நிறுத்திவிட்டால் சிலருக்கு மாதக்கணக்கில் திரும்பும்,
சிலருக்குத் திரும்பாது.
யாருக்கு?
அதுவும் தெரியாது.
இரண்டு தெரியாதுகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு
ரயிலேறினோம்.

கட்டம் போட்ட தாள் ஒன்று
இப்போது ஃப்ரீஸர் கதவில் ஒட்டியிருக்கிறது.
உனக்கு நடுக்கோடுகள் குழிந்து, கரைந்து போகின்றன.
நீ தூங்கிய பிறகு
ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அதன்முன் நிற்கிறேன்.
எல்லாக் கோடும் நேராக இருக்கிறது.
அது ஒரு மாதிரி வெட்கமாக இருக்கிறது.

என் முகம் வேண்டுமென்றால்
என் இடது காதைப் பார்க்கிறாய்.
நேரே பார்த்தால் மூக்கு இருந்த இடத்தில் மஞ்சள்.
போன வாரச் சண்டையில்
"என் கண்ணைப் பார்த்துச் சொல்" என்று கத்திவிட்டேன்.
நீ காதைப் பார்த்தாய்.
பொய் சொல்கிறாய் என்றே
ஒரு கணம் நினைத்தேன்.

ஏப்ரல். மறுபடி வியாழன்.
இடதுபக்கப் பதினொன்றில் பார்வையை நிறுத்தி
நடுவுக்கு எறிந்தாய்.
"எங்கே?"
கிட்டப் போய்ப் பார்த்தேன்.
கடை முழுக்க என் வாயைப் பார்த்தது.
"இரண்டு விரற்கடை தள்ளி" என்றேன்.
ஃபோக்கே சாக்பீஸை எடுத்து
கணக்கில் எழுதினான்.